ஈசிஜி நார்மல், அப்புறம் ஏன் நெஞ்சு இப்படி அடிச்சுக்குது? பேனிக் அட்டாக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவை ஒட்டிய அறையில் பதினாறு வருடமாக ஈசிஜி எடுப்பவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பலருக்குத் தாள் சுத்தமாகத்தான் வரும். டாக்டர் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவார். நான் ஒயரைக் கழற்றிக்கொண்டிருப்பேன். அவர்கள் ஜெல்லைத் துடைத்தபடி மெதுவான குரலில் என்னிடம் கேட்பார்கள். எப்போதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான்.

கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன். பதில்களை எங்களிடம் வாரம் இரண்டு நாள் வரும் மனநல மருத்துவர் படித்துத் திருத்திக் கொடுத்தார். மூன்று இடத்தில் கோபித்துக்கொண்டார், ஓர் இடத்தில் சிரித்தார்.

1. பேனிக் அட்டாக்னா என்ன சார்? சும்மா பயந்துக்கிறதுக்கு இப்படி ஒரு பேரா?

திடீரென்று, பெரும்பாலும் காரணமே இல்லாமல், உச்சிக்கு ஏறும் பயம். கிளம்பிய சில நிமிடங்களிலேயே, அனேகமாகப் பத்து நிமிடத்துக்குள், உச்சத்தைத் தொட்டுவிடும். நெஞ்சு படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சு முட்டல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைசுற்றல், உடம்பு சில்லிடுவது அல்லது கொதிப்பது, கைகால் மரமரப்பு, சுற்றியுள்ளதெல்லாம் நிஜமில்லாததுபோல் தெரிவது, கட்டுப்பாடு போய்விடுமோ என்ற பயம், செத்துவிடுவோமோ என்ற பயம் என்று மருத்துவப் பட்டியலில் பதின்மூன்று இருக்கின்றன. அவற்றில் குறைந்தது நாலு ஒன்றாகச் சேர்ந்து வந்தால்தான் இந்தப் பெயர்.

பரீட்சைக்கு முந்தின நாள் வயிற்றைக் கலக்குவது இதில் சேராது. அது கவலை. மெதுவாக ஏறும், காரணம் தெரியும், நாள் கணக்கில் இருக்கும். இது அலை மாதிரி அடித்துவிட்டு, இருபது முப்பது நிமிடத்தில் ஆளைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போய்விடும்.

2. இது ஹார்ட் அட்டாக்கா, பேனிக்கான்னு வீட்ல உட்கார்ந்துக்கிட்டே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் தடவை என்றால் கண்டுபிடிக்க முயலாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது யாரையாவது வண்டி எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மருத்துவர் அடிக்கோடிட்டார்.

பொதுவாகச் சொல்லப்படும் வித்தியாசங்கள் உண்டு. மாரடைப்பில் நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றி வைத்ததுபோல் அழுத்தும், இடது கை, தாடை, முதுகு என்று பரவும், நடந்தால் மாடியேறினால் கூடும், குறையாமல் நீடிக்கும். பேனிக்கில் வலி குத்துவதுபோல் ஒரு விரல் இடத்தில் நிற்கும், பத்து நிமிடத்தில் உச்சம் போய் இறங்கத் தொடங்கும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பே பல நேரம் இந்தப் பாடப்புத்தகப்படி வராது. வெறும் மூச்சு வாங்கலாக, வயிற்று எரிச்சலாக, சோர்வாக வரும். அதனால் மேலே சொன்ன வித்தியாசத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இன்னொன்றை ஈசிஜி எடுப்பவனாக நானே சொல்கிறேன். ஒரே ஒரு ஈசிஜி நார்மல் என்பதாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் எடுக்கிறார்கள். "காசு பிடுங்கறாங்க" என்று எழுந்து போகாமல் அதற்காகக் காத்திருங்கள்.

3. ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் நார்மல்னுட்டாங்க. அப்போ நான் நடிக்கிறேனா?

இல்லை. உங்களுக்கு நாடித்துடிப்பு 124 இருந்ததை நான்தான் தாளில் பார்த்தேன். நடித்து 124 வரவழைக்க முடியாது. இதயம் ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக ஓடுகிறது. ஓடச் சொன்னவன் வேறு இடத்தில் இருக்கிறான், அவ்வளவுதான். "ஒன்னும் இல்ல" என்பது அவசரப் பிரிவின் மொழி. இப்போது உயிர் போகும்படி ஒன்றும் இல்லை என்பதன் சுருக்கம் அது. கேட்பவர் காதில் "உனக்கு ஒன்றுமே இல்லை, பொய் சொல்கிறாய்" என்று விழுகிறது. இந்த ஒரு வார்த்தையால் மனநல மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் ஸ்கேன் சென்டர் சென்டராக அலைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு வயது ஒன்றரை நூற்றாண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று வந்த சிப்பாய்களை ஜேக்கப் டா காஸ்டா என்ற மருத்துவர் ஆராய்ந்து, 1871-இல் "எரிச்சல் கொண்ட இதயம்" என்று பெயர் வைத்து எழுதினார். இதயத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். பேனிக் டிஸார்டர் என்ற தனிப் பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது 1980-இல்தான்.

அதற்காக எல்லாவற்றையும் பேனிக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, ஆஸ்துமா எல்லாம் இதே வேஷம் போடும். இதயத்தின் மின்சுற்றில் கோளாறு இருந்து, சுவிட்ச் போட்டதுபோல் துடிப்பு 180-க்குத் தாவி, அதேபோல் சட்டென்று நிற்பதும் உண்டு. வந்து சேர்வதற்குள் நின்றுபோனால் என் தாளில் அது விழாது. அப்படித் தாவி நிற்கிறது என்றால் டாக்டரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். உடம்பில் கட்டிவிடும் 24 மணி நேரக் கருவி வைத்துப் பார்ப்பார்கள்.

4. மூச்சே போகல தம்பி. ஆனா விரல்ல மாட்டுற மிஷின் 99 காட்டுது. மிஷின் கெட்டுப்போச்சா?

மிஷின் சரியாகத்தான் இருக்கிறது, அம்மா. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய அந்தக் கருவி ஆக்சிஜனையும் நாடித்துடிப்பையும்தான் காட்டும். உங்களுக்கு ஆக்சிஜன் குறையவில்லை. வேகவேகமாக மூச்சு விட்டதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விட்டது. கழிவு என்று பள்ளியில் படித்தோமே, அது ரத்தத்தில் ஓர் அளவுக்கு இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியம் குறைந்து உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரக்கும். முற்றினால் விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும். "பக்கவாதம் வந்துடுச்சு" என்று தூக்கி வருவார்கள். மூச்சு நிதானமானதும் விரல் தானாக விரியும்.

இதனால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா ஆழமா மூச்சை இழு, இழு" என்று கத்துவது எதிர்வேலை செய்கிறது. இழுப்பது ஏற்கெனவே அதிகம். விடுவதைத்தான் நீட்ட வேண்டும். காகிதப் பையை மூக்கில் வைத்து ஊதும் பழைய வைத்தியத்தை இப்போது யாரும் சொல்வதில்லை. வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அந்தப் பை ஆளையே கொன்றுவிடக்கூடும்.

5. எங்க வீட்ல எல்லாரும் கேஸ்னு சொல்றாங்க. ஓமத் தண்ணி குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடுதே?

ஏப்பம் வருவது உண்மை. பதறி மூச்சு வாங்கும்போது வாய் வழியாகக் காற்றையும் விழுங்குகிறோம். அது மேலே வருகிறது. பயம் முதலில், வாயு பிறகு. நாம் வரிசையைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறோம்.

ஓமத் தண்ணீர் கொதித்து, ஆறி, குடித்து முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். அதற்குள் அலை தானே இறங்கியிருக்கும். (மருத்துவர் சிரித்தது இங்கேதான்.) குடிப்பதால் கெடுதல் இல்லை. ஐம்பது வயதுக்காரருக்கு நெஞ்சு அழுத்தும்போது சோடாவை உடைத்துக் கொடுத்து ஒரு மணி நேரத்தைக் கடத்துவதுதான் கெடுதல்.

6. கவலைப்பட்டுக்கிட்டு இருந்தா வரலாம், ஒத்துக்கிறேன். நான் சீரியல் பார்த்துக்கிட்டு நிம்மதியா உட்கார்ந்திருந்தேனே?

பேனிக்கின் குணமே அதுதான். டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம். மதியம் சாப்பிடாததால் ஒரு நடுக்கம், மூன்றாவது காபியால் ஒரு துடிப்பு, வெயிலில் வந்த கிறுகிறுப்பு, எழுந்த வேகத்தில் ஒரு தடுமாற்றம். அதை மனசு "ஐயோ, ஏதோ ஆகுது" என்று படிக்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. அது துடிப்பைக் கூட்டுகிறது. "பார்த்தியா, கூடுது" என்று பயம் இன்னும் ஏறுகிறது. செக்கு மாடு மாதிரி அதே தடத்தில் சுற்றும். முதல் பொறி அவ்வளவு சின்னது என்பதால் நமக்கு நினைவில் இருப்பதில்லை. சுற்று மட்டும்தான் நினைவிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. மூளையில் பயத்தின் அபாயமணி என்று சொல்லப்படும் அமிக்டலா அரிய நோய் ஒன்றால் இரண்டு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண் அமெரிக்காவில் இருக்கிறார். பாம்பைக் கண்டாலும் பயமில்லை, கத்தியைக் காட்டி மிரட்டினாலும் பயமில்லை. அவரையும் அதே பாதிப்புள்ள இன்னும் இருவரையும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்க வைத்தார்கள். மூவருக்குமே கடும் பேனிக் வந்தது. 2013-இல் வெளியானது. வெளியே பயப்பட ஒன்றுமே இல்லாதபோதும் உடம்பின் உள்ளேயிருந்து இந்த மணி அடிக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

7. தூக்கத்துலயே எழுப்பி விடுதுங்க. அமுக்குவான் பேயா இது?

இரண்டும் வேறு. அமுக்குவான் என்று நாம் சொல்வதில் விழிப்பு வந்திருக்கும், கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். கனவு வரும் தூக்கத்தின் விளிம்பில் நடப்பது அது. இரவு பேனிக் கனவில்லாத தூக்கத்தில் கிளம்புகிறது. ஆள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, கதவைத் திறந்து திண்ணைக்கே ஓடிவிடுவார். அசைய முடிந்ததா இல்லையா என்பதை வைத்தே பிரித்துவிடலாம்.

பலமாகக் குறட்டை விடுகிறவர், மூச்சடைத்து எழுகிறவர் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

8. அந்த நேரத்துல மயங்கி விழுந்துடுவேனா? பைத்தியம் பிடிச்சிடுமா?

மயக்கம் வருவது மிக அரிது. மயங்க ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், பேனிக்கில் ஏறுகிறது. எங்கள் பக்கத்து அறையில் ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்த்துச் சரிகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அந்தப் பயத்தில் மட்டும் அழுத்தம் சட்டென்று விழும். என் அறைக்குப் பேனிக்கோடு வந்தவர்கள் "விழப்போறேன், பிடிங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். விழுந்து நான் பார்த்ததில்லை.

பைத்தியமும் பிடிக்காது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உலகத்தைப் பார்ப்பதுபோல், தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்பதுபோல் இருக்குமே, அது பதின்மூன்றில் ஒன்று. அலை இறங்கினால் அதுவும் இறங்கும்.

9. வந்துடுச்சு. அந்த நிமிஷம் என்ன செய்யணும்?

இது ஏற்கெனவே மருத்துவர் பார்த்து, பேனிக்தான் என்று உறுதியானவர்களுக்கு மட்டும். இருக்கும் இடத்திலேயே இருங்கள். பேருந்தில் என்றால் பேருந்திலேயே, வரிசையில் என்றால் வரிசையிலேயே. தோளைத் தளர்த்தி, வாயை மூடி, மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வயிறு ஏறி இறங்கட்டும், மார்பு வேண்டாம். "இது பேனிக். போன வாரமும் வந்தது, போனது" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அலையை எதிர்த்து நெஞ்சைக் கொடுக்காமல், கடலில் குளிப்பவர்கள் எம்பிக் கொடுப்பார்களே, அதுபோல் விட்டுக்கொடுங்கள்.

மூச்சுப் பயிற்சியை இது வந்தபிறகு கற்றுக்கொள்ள முடியாது. சும்மா இருக்கும் நாளில் தினமும் பத்து நிமிடம் பழகினால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

10. என் வீட்டம்மாவுக்கு வரும்போது எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் என்ன பண்ணட்டும்?

குரலைத் தாழ்த்துங்கள். "நான் இங்கதான் இருக்கேன். இப்ப இறங்கிடும்" என்று சொன்னால் போதும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மெதுவாக மூச்சு விடுங்கள், அவர் மூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். தெருவையே கூட்டாதீர்கள், நாலு பேர் விசிறக்கூடத் தேவையில்லை. "தைரியமா இரு", "எல்லாம் உன் நினைப்புதான்" என்ற இரண்டையும் சொல்லவே கூடாது. முதலாவது திட்டு மாதிரிக் கேட்கும். இரண்டாவது ஏன் கூடாது என்று 3-ஆம் பதிலில் இருக்கிறது.

பிறகு ஒரு நாள், நல்லபடியாக இருக்கும்போது, "அந்த நேரத்துல நான் என்ன செஞ்சா உனக்கு நல்லாருக்கும்?" என்று கேளுங்கள். சிலருக்குக் கையைப் பிடிக்க வேண்டும். சிலருக்குத் தொடவே கூடாது.

11. ஒரு தடவை வந்துடுச்சு. இனி ஆயுசுக்கும் வருமா?

அப்படியில்லை. 25 நாடுகளின் கணக்கெடுப்புகளைச் சேர்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நூறு பேரில் சுமார் 13 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது பேனிக் வந்திருக்கிறது. வந்தவர்களில் எட்டில் ஒருவருக்குத்தான் அது பேனிக் டிஸார்டர் என்ற நோயாக மாறியிருக்கிறது.

எப்போது நோய் ஆகிறது? எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, வராத நாட்களிலும் "மறுபடி வந்துடுமோ" என்ற கவலை ஒரு மாதத்துக்கு மேல் அரித்தாலோ, அதற்குப் பயந்து நடமாட்டத்தை மாற்றிக்கொண்டாலோ. பத்து நிமிட அலையைவிட, இரண்டு அலைக்கு நடுவே இருக்கும் நாட்கள்தான் கணக்கு.

12. இப்பல்லாம் பஸ் ஏறவே பயமா இருக்கு. வெளியூர் கல்யாணத்துக்கும் போறதில்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

அதுதான் முழுச் சம்பந்தமும். மனநலத்தைப் பேனிக் எப்படிக் கெடுக்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முதல் தடவை பேருந்தில் வருகிறது. பாதியில் இறங்கிவிடுகிறீர்கள், நிம்மதி கிடைக்கிறது. "இறங்கினதால தப்பிச்சேன்" என்று மனசு பாடம் படிக்கிறது. அடுத்து ஜன்னலோர சீட் இல்லாமல் ஏறுவதில்லை. அப்புறம் பேருந்தே இல்லை. பிறகு தியேட்டர், கோயில் வரிசை, முடிவெட்டும் கடை நாற்காலி என்று சட்டென எழுந்து வர முடியாத இடமெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறும். உலகம் வீட்டு வாசல்வரை சுருங்கும். வேலை போகும், மனச்சோர்வு வரும். சிலர் சாயங்காலமானால் டாஸ்மாக் போய் நடுக்கத்தை அடக்குவார்கள். மது இறங்கும் விடியற்காலையில் நடுக்கம் வட்டியோடு திரும்பி வரும்.

டா காஸ்டா எழுதிய அதே 1871-இல், பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் என்ற மனநல மருத்துவர், சதுக்கத்தைத் தனியாகக் கடக்க முடியாமல் நின்றுவிடும் ஆண்களைப் பற்றி எழுதி, அந்தப் பயத்துக்கு அகோராபோபியா என்று பெயர் வைத்தார். ஒருவர் பக்கம் இதயம், இன்னொருவர் பக்கம் தெரு. இரண்டும் பல நேரம் ஒட்டியே வருபவை என்று வெகுகாலம் பலர் சேர்த்துப் பார்க்கவில்லை. வெஸ்ட்பாலின் நோயாளிகளுக்குத் துணைக்கு ஆள் வந்தால், கையில் ஒரு கைத்தடி இருந்தால், கொஞ்சம் பீரோ ஒயினோ குடித்திருந்தால் தெருவைக் கடக்க முடிந்ததாம். இன்று பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு மாத்திரையும் இல்லாமல் தெருமுனைக்குப் போக மாட்டேன் என்பவர்கள் கையில் இருப்பது அதே கைத்தடி.

13. கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டினா நிக்குமாண்ணே?

கட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. நம்பிக்கை கொடுக்கும் அமைதியும் அமைதிதான். ஆனால் கயிறு கட்டியதால் டாக்டரிடம் போக வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து, பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கிறது.

14. மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். நாலு நாள்ல இன்னும் மோசமாயிடுச்சு, நிறுத்திட்டேன். தப்பா?

நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். செர்ட்ராலின், எசிடலோபிராம், பராக்ஸிடின் போன்றவைதான் வழக்கமாக முதலில் கொடுக்கப்படும். முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பையும் குமட்டலையும் கொஞ்சம் கூட்டிவிட்டு, இரண்டு முதல் ஆறு வாரத்தில்தான் குறைக்கத் தொடங்கும். அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். "முதல்ல கொஞ்சம் கூடும்" என்ற ஒரு வாக்கியத்தை எழுதிக்கொடுத்தவர் சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். தாங்க முடியவில்லை என்றாலோ, சாகலாம் போன்ற எண்ணம் தலைகாட்டினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆயுள் முழுக்கவா என்றால், பெரும்பாலும் இல்லை. நன்றான பிறகும் ஒரு வருடம்போல் தொடர்ந்து, பின் படிப்படியாகக் குறைப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் சுண்டியதுபோன்ற உணர்வும் வரும். அதைப் "பழக்கமாகிவிட்டது" என்று தப்பாக நினைக்கிறார்கள்.

15. என் ஃப்ரெண்ட் ஒரு மாத்திரை கொடுத்தான், அல்ப்ரசோலம். அரை மணி நேரத்துல சொர்க்கம். அதையே வாங்கிப் போட்டா என்ன?

அது சொர்க்கமாக இருப்பதுதான் பிரச்சினை. 14-இல் சொன்ன மாத்திரைகளைப் போலன்றி, இதற்கு உடம்பு உண்மையிலேயே அடிமையாகும். அளவு ஏறிக்கொண்டே போகும், விட்டால் பழைய பயம் இரட்டிப்பாக வரும், பல மாதம் போட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். இது எச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மனநல மருத்துவர்கள் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு இதைத் துணைக்குக் கொடுப்பதுண்டு. அது கணக்குப் பார்த்துக் கொடுப்பது.

16. மாத்திரையே வேண்டாம்னா வேற வழி இருக்கா?

இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை பேனிக்குக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பத்துப் பதினைந்து முறை உட்கார வேண்டியிருக்கும். அதில் ஒரு பகுதியைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். சுழல் நாற்காலியில் சுற்ற வைப்பார்கள், நின்ற இடத்தில் ஓட வைப்பார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விட வைப்பார்கள். துடிப்பு ஏறும், தலை சுற்றும், ஒன்றும் ஆகாது. இருபது தடவை ஒன்றும் ஆகாமல் போனால் மனசு புதுப் பாடம் படிக்கும். விட்டுப்போன இடங்களுக்கும் இப்படித்தான் ஒவ்வொரு நிறுத்தமாகப் போய்வர வைப்பார்கள். 12-ஆம் பதிலில் சொன்ன பாதையில் பின்னோக்கி நடப்பது இது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. போய் உட்காரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு எண் 1926.

17. ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருக்கேன். அப்பப்ப துடிப்பைப் பார்த்துக்கிட்டா நல்லதுதானே?

உங்களுக்கு நல்லதில்லை. படியேறினால் 120 போவது இயல்பு. ஆனால் பயந்தவர் கண்ணுக்கு 96-கூட எமனாகத் தெரியும், தெரிந்ததும் 110 ஆகும். 6-இல் சொன்ன செக்குக்கு நீங்களே ஒரு மாடு வாங்கிக் கையில் கட்டியிருக்கிறீர்கள். மணி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

18. எனக்குப் பேனிக்னு எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு நெஜமாவே ஹார்ட் அட்டாக் வந்தா "இவனுக்கு இதே வேலை"ன்னு விட்டுடுவாங்களே?

இந்தப் பட்டியலிலேயே நியாயமான பயம் இதுதான். பேனிக் இருப்பவருக்கு மாரடைப்பு வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் திடீரென்று காலமானபோது, பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. என் அறை வாசலிலும் அந்த வாரம் பெஞ்சு பற்றவில்லை. அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மருத்துவர் சொன்ன வழி இது. உங்கள் பேனிக் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கே தொடங்கும், எங்கே ஏறும், எத்தனை நிமிடத்தில் இறங்கும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த வழக்கத்துக்கு மாறாக இருந்தால் வந்துவிடுங்கள். நடக்கும்போது வந்து, நடையை நிறுத்தினால் அடங்கும் வலி, தாடைக்கும் கைக்கும் பரவும் வலி, இருபது நிமிடம் தாண்டியும் குறையாத அழுத்தம், உண்மையான மயக்கம் இவை எல்லாம் வழக்கத்துக்கு மாறு. வந்ததும் "எனக்குப் பேனிக் உண்டு, ஆனா இது அந்த மாதிரி இல்லை" என்று சொல்லுங்கள். வயது நாற்பது தாண்டி, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இவற்றில் எது இருந்தாலும் சந்தேகத்தின் பலனை இதயத்துக்கே கொடுங்கள்.

19. மனசு கேக்கல சார். இன்னும் ஒரே ஒரு ஈசிஜி எடுத்துடுங்களேன்?

டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுக்கிறேன். ஆனால் போன தடவை எடுத்த நிம்மதி எத்தனை நாள் இருந்தது என்று யோசியுங்கள். முதல் ஈசிஜிக்கு இரண்டு மாதம் இருந்திருக்கும். அடுத்ததற்கு இரண்டு வாரம். பிறகு பேருந்து நிலையம் போய்ச் சேரும்வரை. நிம்மதி கேட்டு வருவதும் 12-இல் சொன்ன கைத்தடிகளில் ஒன்று.

செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், வயது 31, ஒரே வருடத்தில் பதினொரு ஈசிஜி எடுத்தார். எல்லாவற்றையும் ஃபைலில் போட்டு வண்டிப் பெட்டியில் வைத்திருந்தார். அது சூடு பட்டால் கறுத்து, நாள்பட்டால் வெளிறும் தாள். ஒரு நாள் கோடுகள் மங்கிவிட்டன என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார். மனநல மருத்துவர் அவரிடம் ஒரு ஒப்பந்தம் போட்டார். 18-இல் உள்ள அறிகுறி எதுவும் இல்லாமல் எடுக்கத் தோன்றினால் ஒரு நாள் தள்ளிப் போட வேண்டும், மறுநாளும் தோன்றினால் வரலாம். ஒரு நாள் பிறகு மூன்று நாளானது, ஒரு வாரமானது. போன வருடம் அவர் என் அறைக்கு இரண்டு தடவை வந்தார். அதில் ஒன்று அவருடைய அப்பாவுக்கு.